தணிகாசலத்துக்குப் போன பாட்டு

மாலை கழுத்தை அறுத்தது. சம்பங்கிக்கு நடுவே ஜிகினா வைத்துக் கட்டியிருந்தான் பாவி, குனிந்தாலும் குத்துகிறது, நிமிர்ந்தாலும் குத்துகிறது. கழற்றி மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று கையைத் தூக்கினால் கீழே நின்ற போட்டோக்காரன் பதறிப்போய், "மேடம் மேடம், கழட்டிராதீங்க, நீங்க ஏற்புரை பேசும்போது மாலையோட ஒண்ணு எடுக்கணும்" என்கிறான். சரிடா அப்பா. அறுபது வருஷம் கழித்து ஒரே ஒருநாள் மாலை போட்டிருக்கிறார்கள், அதையும் உன் வசதிக்குத்தான் சுமக்க வேண்டும். பொற்கொடி கையை இறக்கினாள். நகராட்சிக் கூட்ட அரங்கில் ஆறு மின்விசிறிகள் ஓடின, ஆறும் கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கு. மேடையில் காற்றே இல்லை. மே முப்பத்தொன்று, மத்தியானம் மூன்றரை மணி. பாதித் தமிழ்நாடு மே மாதத்தில்தான் ரிட்டயர் ஆகிறது, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார்கள் எல்லாப் பிள்ளைக்கும் மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுத் தொலைத்ததால் வந்த வினை. இருபத்தாறு வருஷமாகப் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் உட்கார்ந்து, ஊரில் பிறந்தவன் செத்தவன் அத்தனை பேருக்கும் தேதி தப்பாமல் எழுதிக் கொடுத்தவள், தன் பிறந்த தேதி பொய் என்று தெரிந்தே அந்தப் பொய்த் தேதியில் வீட்டுக்குப் போகிறாள். மைக்கில் சுகாதார ஆய்வாளர் பேசிக்கொண்டிருந்தார். "மேடம் அவர்கள் எங்களுக்கெல்லாம் ஒரு தாயைப் போல..." ஆரம்பித்துவிட்டாரா. ஆம்பளை ரிட்டயர் ஆனால் சிங்கம், பொம்பளை ரிட்டயர் ஆனால் தாய். இவருடைய பயணப்படி பில்லை ஒருதடவை திருப்பி அனுப்பியதற்கு மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசாத மனுஷன், இன்றைக்கு இவருக்கு நான் தாயாம். பக்கத்து நாற்காலியில் தணிகாசலம் அதற்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

தணிகாசலம். முன்னாள் மேலாளர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே மேடையில் மாலை வாங்கிக்கொண்டு போனவர். இப்போது ஓய்வூதியர் சங்கத் தலைவர் என்று ஒரு பதவி, அதனால் இந்த அலுவலகத்தில் யார் ஓய்வு பெற்றாலும் வந்து பொன்னாடை போர்த்துகிற உரிமை. அவர் வருவார் என்று பொற்கொடிக்கு யாரும் சொல்லவில்லை. மேடையேறி உட்கார்ந்த பிறகு பார்க்கிறாள், வெள்ளை வேட்டியும் பட்டை விபூதியுமாக வந்து, "என்னம்மா பொற்கொடி, சௌக்கியமா? நீயும் கிழவி ஆயிட்டே போ" என்று சிரித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருகிறார். அந்தக் கை தோளில் துண்டைப் போர்த்தியபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். வயிற்றைப் புரட்டுகிறது, தலை சுற்றுகிறது, ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம், யார் தடுக்கப் போகிறார்கள். ஏன் இறங்கவில்லை? இன்னும் மடல் வாசிக்கவில்லையே, அதனால். சீ, என்ன ஜென்மம் இது. அறுபது வயதில், யாரோ தன்னைப் பற்றி நாலு வரி எழுதி வைத்திருப்பார்கள், அதைக் கேட்காமல் போய்விடக் கூடாதே என்று ஒரு ஆசை நாற்காலியில் பிடித்து அழுத்துகிறது. முதல் வரிசையில் மகள் செந்தாமரை உட்கார்ந்து செல்போனில் அம்மாவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். சிரிக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். பொற்கொடி பல்லைக் காட்டினாள்.

மடல் வேறொன்றும் இல்லை. ஓய்வு பெறுகிறவர் பெயரைத் தலைப்பில் போட்டு, பதினாறு வரியில் ஒரு பாட்டு எழுதி, அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, விழாவில் சத்தமாக வாசித்துக் கையில் கொடுப்பார்கள். பொன்னாடை மறுநாள் பீரோவுக்குள் போய்விடும், மாலை அன்றைக்கே வாடிவிடும், மடல் மட்டும் ஹாலில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் தொங்கும். இந்த நகராட்சியில் இருபத்து நாலு வருஷமாக அதை எழுதிக்கொண்டிருந்தவள் பொற்கொடி. நாற்பத்து மூன்று பேர். ஓட்டுநர், இளநிலைப் பொறியாளர், குழாய் ஃபிட்டர், இரண்டு கமிஷனர். அது மட்டுமா? பிரிவு ஜன்னலுக்கு வெளியே சர்டிபிகேட் வாங்க நிற்கிற கூட்டத்தில் தினம் ஒருத்தர் தயங்கித் தயங்கித் தலையை நீட்டுவார். "அக்கா, பிள்ளைக்குப் பேர் வைக்கிறோம், பத்திரிகைக்கு ஒரு நாலு வரி." "அக்கா, அப்பாவுக்கு நாளான்னிக்குப் பதினாறு, பேப்பர்ல போடணும், ஒரு நாலு வரி." காதுகுத்து, சடங்கு, பரோட்டாக் கடைத் திறப்பு, கபடிக் கோப்பை, ஷேர் ஆட்டோ முதுகில் எழுத. காய்கறிக்காரியிடம் கொசுறாகக் கறிவேப்பிலை கேட்பதுபோலக் கேட்பார்கள், நாலு வரி, நாலு வரி. எரிந்துதான் விழுவாள். "இங்க என்ன பாட்டுக் கடையா வச்சிருக்கேன், போய்யா அங்கிட்டு" என்பாள். பிறகு கிழிந்த படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுப்பாள். கொடுக்காமல் எப்படி இருப்பது? அரசாங்கப் படிவத்தில் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, அப்பன் பெயர் ஆத்தா பெயர் எல்லாம் இருக்கிறது. அவன் செத்தது எனக்கு நெஞ்சை அடைக்கிறது என்று எழுத ஒரு கட்டம் இருக்கிறதா? பிள்ளை பிறந்ததில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை என்று எழுத ஒரு கட்டம்? கிடையாது. கல்நெஞ்சன்கள் போட்ட படிவம். வாய் இருந்தும் சொல் வராமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு அந்த நாலு வரிதான் வாய். அதைத் தெரிந்துகொண்டவள் எப்படி இல்லை என்பாள்?

அப்படி எழுதினவளுக்கு இன்றைக்கு யார் எழுதியிருப்பார்கள்? பதினைந்து நாளாக இந்த யோசனைதான், சோறு இறங்கவில்லை. வரி வசூல் பிரிவு பால்பாண்டி, விழாக் குழுவுக்குச் செயலாளர், போன வாரத்துக்கு முந்தின வாரம் வந்து நெளிந்தான். "மேடம், உங்களைப் பத்தி உங்களை விட யாரு நல்லா எழுதப் போறா? நீங்களே ஒண்ணு எழுதிக் குடுத்துருங்களேன்." எழுதலாமாம். "ஏன் பால்பாண்டி, என் கருமாதிக்கும் நானே எள்ளை இறைச்சிட்டுப் போய்ப் படுத்துக்கவா?" என்று கேட்டாள். பிரிவே சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குப் போனவன் அதன்பிறகு வாயே திறக்கவில்லை, கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஜெயப்பிரகாஷும் அவனும் அவளைக் கண்டால் குசுகுசுவென்று பேச்சை நிறுத்தினார்கள். ஏதோ ஏற்பாடு நடக்கிறது என்று புரிந்தது. யாரோ எழுதுகிறார்கள். மோசமாகத்தான் எழுதுவார்கள், மெழுகுவர்த்தி என்பார்கள், கலங்கரை விளக்கம் என்பார்கள், ஆலமரம் நிச்சயம் உண்டு. போகட்டும். மோசமாக இருந்தாலும் எனக்கென்று உட்கார்ந்து, பேனாவைக் கடித்து, என் முகத்தை நினைத்துப் பார்த்து ஒருத்தர் எழுதியிருப்பாரே, அது போதாதா? அதைக்கூட எதிர்பார்க்கக் கூடாதா? இப்படி ஏங்குகிறதை நினைத்தால் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. ஏங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

சுவரோரம் கடைசி வரிசையில் மூக்கம்மா நிற்பது தெரிந்தது. நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது, உட்காரமாட்டாள், முப்பத்து நாலு வருஷம் தெருக் கூட்டினவளை இந்தக் கட்டடம் அப்படிப் பழக்கி வைத்திருக்கிறது. துப்புரவுப் பணியாளர் ரிட்டயர் ஆனால் ஒரு டீ, ஒரு சில்வர் தட்டு, அனுப்பிவிடுவார்கள், மடல் கிடையாது. மூக்கம்மாவுக்கு மடல் உண்டு என்று பொற்கொடி பிடிவாதமாக நின்றாள். "அதுக்குப் படிக்கத் தெரியாதேம்மா, அதுக்கெதுக்கு?" என்று அன்றைய சுகாதார அலுவலர் கேட்டார். காது கேட்கும்ல சார் என்றாள் இவள். ஊரெழும்பும் முன்னாலே தெருவுக்குத் தலைசீவி விட்டவளே என்று எழுதினாள். குப்பை லாரிக்குப் பக்கத்தில் நின்று இவளே வாசித்தாள். மூக்கம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "இன்னொருக்கா வாசி தாயி" என்றாள். இன்னொரு தடவை. அதற்குப் பிறகும் இன்னொரு தடவை. சாயங்காலத்துக்குள் பதினாறு வரியும் அவளுக்கு மனப்பாடம். அப்புறம் என்ன, தெருக்குழாயில் சண்டை வந்தால் இடுப்பில் குடத்தோடு நின்று முழுப்பாட்டையும் ராகம் போட்டுச் சொல்லுவாளாம். "என்னைப் பத்திப் பாட்டே இருக்குடி! உன்னைப் பத்தி என்னடி இருக்கு? ரேசன் கார்டுல பேரு இருக்கு, போடி!" என்பாளாம். எதிரி வாயடைத்துப் போவாளாம். அதைக் கேள்விப்பட்ட அன்றைக்குப் பொற்கொடி ஜன்னலைச் சாத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள், சிரித்து முடித்தபோது அழுதுகொண்டிருந்தாள். பாட்டு எதற்கு என்று கேட்கிறவனை மூக்கம்மாவின் தெருவுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு குடம் தண்ணீருக்கு முன்னால் நின்று தலையை நிமிர்த்திக்கொள்ள அவளுக்கு வேறு என்ன கொடுத்தது இந்த நகராட்சி?

"அடுத்ததாக," என்றான் பால்பாண்டி. அவனுக்குத் திருவிழா நாடகத்தில் ராஜா வேஷம் கட்டின குரல், மைக்கே வேண்டாம். கையில் கண்ணாடிச் சட்டம் பளபளத்தது. "நம் அனைவருக்கும் பாட்டெழுதிய பொற்கொடி மேடம் அவர்களுக்கு, நம் அலுவலகத்தின் சார்பில், வாழ்த்து மடல்!" கைதட்டல். அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது. கல்யாணத்தன்று மணவறையில்கூட இப்படி வேர்க்கவில்லை. பால்பாண்டி தொண்டையைச் செருமினான். "விடியுமுன்னே விழித்தெழுந்து வெளிச்சத்தை வைத்தவளே!" ஐயோ, நன்றாக இருக்கிறதே என்று நினைத்தாள். கண் சிமிட்டுகிற நேரம்தான், ஆனால் நினைத்தாள், யாருடா இது, ஆலமரம் இல்லாமல் ஆரம்பிக்கிறானே என்று மனசு அப்படியே மலர்ந்துவிட்டது. "கடிந்தொருசொல் அறியாமல் காலமெல்லாம் நின்றவளே!" கடிந்தொரு சொல்லா? நானா? நாள் முழுக்க எரிந்து விழுகிறவளைப் பார்த்தா? மூன்றாவது வரி வருவதற்கு முன்பே அது அவள் வாயில் வந்து நின்றது. ஆவி பறக்கும் அன்பை அளவின்றிப் பகிர்ந்த. பால்பாண்டி வாசித்தான். "ஆவி பறக்கும் அன்பை அளவின்றிப் பகிர்ந்தவளே!" மாலைக்குக் கீழே ஏதோ ஒன்று கழன்று விழுந்ததுபோல் இருந்தது. எழுதியது அவள்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கிற இந்த மனுஷனுக்கு எழுதியது. ஆம்பளையைப் பொம்பளையாக்கி, பெயரை மாற்றி, சட்டம் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். கீழே பார்த்தால் ஜெயப்பிரகாஷ் முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறான். பழைய கம்ப்யூட்டரில் அவளுடைய மடல்களெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து கிடக்கும், தோண்டியிருக்கிறான். பாசக்காரப் பயல், நாற்பத்து மூன்றையும் படித்துப் பார்த்து இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்திருக்கிறான். அதுதான் கொடுமை. இருப்பதிலேயே நல்லது இதுதான்.

இதுதான் நல்லது, ஏனென்றால் இது தணிகாசலத்தைப் பற்றியது இல்லை. தவமணியைப் பற்றியது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மாஸ்டராக நின்ற தவமணி, பொற்கொடியின் புருஷன், நாற்பத்தெட்டுக் கிலோ. விடியுமுன்னே எழுந்து பாய்லரைப் பற்ற வைக்கிறவன். கடைக்கு முன்னால் காசில்லாமல் நிற்கிறவனைக் கண்டால் ஒன்றும் கேட்காமல் கிளாஸை நீட்டுகிறவன். கொதிக்கிற பால் கையில் கொட்டினாலும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல புள்ள, சும்மா" என்கிறவன். ஆவி பறக்கும் அன்பு, ஒரு நகராட்சி மேலாளருக்கு ஆவி எங்கேயிருந்து பறக்கும், அன்றைக்கு ஒருத்தனுக்காவது தோன்றியதா? அந்த வருஷம்தான் தவமணியை மஞ்சள் காமாலை முற்றி மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது. செந்தாமரைக்கு அப்போது இருபது வயது, அவள்தான் அப்பாவோடு இருந்தாள். ஆடிட் நடக்கிறது என்று தணிகாசலம் லீவு லெட்டரை வாங்கி, படித்து, நாலாக மடித்து, ஆட்டம் கண்ட மேஜைக் காலுக்கடியில் வைத்தார். சிரித்துக்கொண்டே வைத்தார். "அவன் டாக்டர்கிட்ட இருக்கான்மா. நீ போயி என்ன, ஊசியா போடப் போறே?" மூன்று நாள். முதல் நாள் ஒரு லெட்டர், இரண்டாம் நாள் ஒரு லெட்டர், மூன்றாம் நாள் லெட்டர் எழுதக் கை வரவில்லை. ஆடிட் நேரத்தில் செல்போனை அணைத்து வைக்க வேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டம். பதிவறையில் தூசிக்கு நடுவில் உட்கார்ந்து பழைய இறப்புப் பதிவேடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் இரண்டு நாற்பதுக்குச் செந்தாமரை அலுவலக போனுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். எடுத்தவர் தணிகாசலம். ஐந்து மணிக்கு, ஆடிட்டர் கிளம்பிப் போன பிறகு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "மனசைத் தேத்திக்கோம்மா" என்றார். இரண்டு மணி இருபது நிமிஷம். அந்த இரண்டு மணி இருபது நிமிஷம் அவள் புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, எவனெவனோ செத்த தேதியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். சோறு வேறு தின்றாள். தயிர்சாதம். ஊரில் யார் செத்தாலும் அவள் கையெழுத்தில்தான் பதிவாகும், தவமணி சாவு மதுரைப் பதிவேட்டில் யாரோ ஒருத்தர் கையெழுத்தில் கிடக்கிறது.

"கூவி அழைக்காமல் ஊரைக் கூட்டிவைத்துக் கொண்டவளே!" பால்பாண்டி கையை உயர்த்தி ராஜா மாதிரி நின்றான். நிறுத்தேன்டா. நிறுத்துகிறானா பார். தவமணி செத்த அன்றைக்கு அச்சகத்துக்காரன் இவள் வீட்டு வாசலில் வந்து நின்று, "அக்கா, போஸ்டர் அடிக்கணும், அண்ணனுக்கு ஒரு நாலு வரி சொல்லுங்கக்கா" என்றான். ஊருக்கெல்லாம் நாலு வரி கொடுத்தவளுக்கு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வாயைத் திறந்தாள், காற்று வந்தது. அவன் பார்த்துப் பார்த்து, கடைசியில் அரிசி மில் முதலாளி செத்ததற்கு அவள் எழுதின பழைய வரியையே எடுத்துப் போட்டுவிட்டான். மலையே சாய்ந்ததே என்று தவமணி போட்டோவுக்குக் கீழே. நாற்பத்தெட்டுக் கிலோ மலை. டீக்கடைச் சுவரில் அது மழையில் ஊறி உரிகிறவரை செந்தாமரை அந்த வழியாகப் போகவே இல்லை. எத்தனை தடவை கேட்டிருக்கிறாள், சண்டையில், சமாதானத்தில், கல்யாணமாகிப் போகிற அன்றுகூட. "ஊருக்கெல்லாம் எழுதுனியேம்மா, எங்கப்பாவுக்கு ஒரு வரி எழுதினியா?" பொற்கொடி பதில் சொன்னதில்லை. எழுதினேன் என்று எப்படிச் சொல்வாள்? எழுதி எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்பாளே.

ஐந்து மாதம் கழித்துத் தணிகாசலத்துக்கு விழா. எல்லோரும் வழக்கம்போல மடலுக்கு இவள் வாயைப் பார்த்தார்கள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். புருஷனை இழந்தவள், மனசு சரியில்லை என்றால் போதும், யார் வற்புறுத்தியிருப்பார்கள்? சொல்லவில்லை. சரி சார், சரி சார் என்று பழகின நாக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அடுப்படியில் உட்கார்ந்து, இந்த ஆளைப் பற்றி என்ன பொய் எழுதுவது என்று யோசித்தாள். நல்ல மனுஷன் என்று எழுத வேண்டும். நல்ல மனுஷன் எப்படி இருப்பான்? அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒருத்தன். பேனா ஓட ஆரம்பித்தது. அடைத்துக் கிடந்தது அப்படியே கொட்டியது, பால் பொங்கி அடுப்பு அணைந்தது, எழுந்திருக்கவில்லை. சுட்டவிரல் மறைத்துக்கொண்டு சுடச்சுடவே சிரித்தவனே. விட்டகன்று போகையிலும் விடைசொல்ல மறந்தவனே. பதினாறு வரியும் அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. வாசித்துப் பார்த்தபோது இது யார் என்று தெரிந்தது. அப்போது அதை மடித்துச் சாமி மாடத்தில் வைத்திருக்க வேண்டும். மகளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும். தணிகாசலத்துக்கு ஒரு சிங்கம், ஒரு சூரியன் போட்டுக் கொடுத்தால் அவருக்கென்ன குறைந்துவிடப் போகிறது? செய்தாளா? இல்லை. நன்றாக வந்த பாட்டு நாலு பேர் காதில் விழ வேண்டும், மைக்கில் கேட்க வேண்டும், ஆகா என்று ஒருத்தன் சொல்ல வேண்டும் என்று ஒரு வெறி. எழுதுகிற எல்லோருக்கும் இருக்கிற அந்தக் கேடுகெட்ட வெறி. தவமணிக்கு விழா இல்லை, மைக் இல்லை, மேடை இல்லை. தணிகாசலத்துக்கு இருந்தது. புருஷனை எடுத்து அவனைக் கொன்றவன் தோளில் பொன்னாடையாகப் போர்த்திவிட்டாள். கொன்றவன் என்பது அதிகம், காமாலைதான் கொன்றது. அதிகமெல்லாம் இல்லை, போ. விழாவில் இதே பால்பாண்டி, வாசித்ததை மறுநாளே மறந்துவிடுகிறவன், வாசிக்க வாசிக்க அவளுக்கு அழுகை அடக்க முடியவில்லை. தணிகாசலம் எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்து, "அழாதே பொற்கொடி, நான் எங்க போயிடப் போறேன், அடிக்கடி வருவேன்" என்றார். அதற்கும் எல்லோரும் கைதட்டினார்கள்.

இப்போதும் தட்டினார்கள். பதினாறு வரியும் முடிந்து, பால்பாண்டி சட்டத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான். கனமாக இருந்தது. நல்ல தேக்குச் சட்டம், ரோஜாப்பூப் படம் போட்ட ஓரம், நடுவில் இவள் போட்டோ. செந்தாமரை எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தாள், கண் கலங்கியிருந்தது. பைத்தியமே, உன் அப்பாடி அது. தணிகாசலம் இவள் பக்கம் சாய்ந்தார். வெற்றிலை வாசனை வந்தது. "பிரமாதமா இருக்கே! ஆவி பறக்கும் அன்புன்னு ஒரு போடு போட்டான் பாரு. யாரும்மா எழுதுனது?" பொற்கொடி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை. நடிப்பு இல்லை. அந்த ஆளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் தன் கையில் கொடுத்த பாட்டு, ஒரு வரி, ஒரு சொல் ஞாபகம் இல்லை. அவர் வீட்டில் அந்தச் சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றி முருகன் படத்துக்குப் போட்டுவிட்டார்கள் என்று பால்பாண்டி எப்போதோ சொல்லிச் சிரித்தான், இவள் நம்பவில்லை. நம்பியிருக்க வேண்டும். திருடினவன்கூடத் திருடின பொருளை ஒருதடவை எடுத்துப் பார்ப்பான். இவர் பார்க்கவே இல்லை. லீவு லெட்டர் ஞாபகம் இருக்காது. போன் ஞாபகம் இருக்காது. நிம்மதியாகச் சாப்பிட்டு, தூங்கி, எழுபதைத் தொடப் போகிறார். மனசில் வைத்து வைத்துப் புழுங்கினது இவள் ஒருத்தி மட்டும்தானா? மேடை, மின்விசிறி, போட்டோக்காரன் எல்லாம் தூரமாகப் போய்விட்டது.

"இப்போது மேடம் அவர்களின் ஏற்புரை!" எழுந்தாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். கேசரி தயாராக இருக்கிறது, மிக்சர் பொட்டலம் தயாராக இருக்கிறது, ஆபீஸ் ஜீப்பில் வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள், முடிந்தது. சொன்னால் என்ன ஆகும்? விழாவைக் கெடுத்தாள் கிழவி என்பார்கள். ஜெயப்பிரகாஷ் பயல் ஒடிந்துபோவான். அதெல்லாம் போகட்டும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள் என்ன செய்வாள்? எங்கப்பா பாட்டைத் தூக்கி இந்த ஆளுக்குக் கொடுத்தியா என்று கேட்பாளே. கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டால்? இனிமேல் வீட்டுப்படி மிதிக்கவே மாட்டேன் என்றால்? சொல்லாவிட்டால் மட்டும்? இதைக் கொண்டுபோய் ஹாலில் மாட்ட வேண்டும். தினம் சாமி கும்பிடும்போது, சோறு தின்னும்போது, தவமணியைத் தன் பெயரில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருதடவை கொடுத்தது தணிகாசலத்துக்கு, இரண்டாவது தடவை தனக்கே திருடிக்கொண்டதாக ஆகும். மைக்கைப் பிடித்தாள். கீச்சென்று அது கத்தியது. "எல்லாருக்கும் வணக்கம். இந்த மடல் என்னைப் பத்தினது இல்ல." சிரித்தார்கள். "அடக்கம்! அடக்கம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அடக்கமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல," என்றாள். சிரிப்பு நின்றது. "இது நான் எழுதினது. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இதே மேடையில தணிகாசலம் சாருக்கு வாசிச்சது. ஜெயப்பிரகாஷ், உன்னைக் குத்தம் சொல்லலப்பா, நீ பிரியமாத்தான் எடுத்தே. குத்தம் என்னோடது. இது சாரைப் பத்தினதும் இல்ல. இது எங்க வீட்டுக்காரரைப் பத்தினது. தவமணி. பஸ் ஸ்டாண்டு டீ மாஸ்டர். உங்கள்ல பாதிப்பேர் அவர் கையால டீ குடிச்சிருக்கீங்க."

மூக்கம்மா சுவரை விட்டு இரண்டு எட்டு முன்னால் வந்திருந்தாள். மகள் முகத்தைப் பார்க்காமல் பேச வேண்டும் என்று நினைத்தாள், முடியவில்லை, பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். "செந்தாமரை, அப்பாவுக்கு எழுதினியான்னு கேட்பியே. எழுதினேன்டி. எழுதி, அவர் சாகக் கிடந்த மூணு நாளும் எனக்கு லீவு இல்லைன்னு சொன்ன மனுஷனுக்குத் தூக்கிக் குடுத்துட்டேன். நீ அழுதுட்டே பண்ணின போனை எடுத்து, ரெண்டு மணி இருபது நிமிஷம் எங்கிட்டச் சொல்லாம வச்சிருந்தவருக்கு." செந்தாமரையின் கையிலிருந்த செல்போன் மெல்ல மடிக்கு இறங்கியது. நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. தணிகாசலம் எழுந்து நின்று, கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "என்னம்மா இது, நல்ல நாளும் அதுவுமா? எனக்கு அதெல்லாம் ஞாபகமே இல்லையேம்மா." "எனக்கு இருக்கு சார்," என்றாள் பொற்கொடி. மாலையைக் கழற்றி மேஜையில் போட்டாள். போட்டோக்காரன் கேமராவை இறக்கினான். கண்ணாடிச் சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தாள், பிறகு அது தேவையில்லை என்று தெரிந்து கீழே வைத்தாள். "தவமணிக்கு," என்றாள். "விடியுமுன்னே விழித்தெழுந்து வெளிச்சத்தை வைத்தவனே. கடிந்தொருசொல் அறியாமல் காலமெல்லாம் நின்றவனே." தணிகாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படிப்பக்கம் ஒரு காலை வைத்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உட்காருங்க சார். இன்னும் பதினாலு வரி இருக்கு."